தாவி எட்ட முடியாத தொலைவு: ‘மேற்குப் பயணம்’ தொடரின் நான்காம் பகுதியும் பழனிமலைக் கதைகளும்

புத்தர் வலக்கையை விரித்து நீட்டுகிறார். அந்த உள்ளங்கையைத் தாண்டிவிட்டால் விண்ணுலகின் ஆட்சியே கிடைக்கும் என்பது பந்தயம். ஒரே தாவலில் 1,08,000 லி (சீனத் தொலைவு அளவு) கடக்கக்கூடிய குரங்கு அரசன் சுன் வூகோங் சற்றும் தயங்காமல் அந்தக் கையில் ஏறி நிற்கிறான். சீன மத்தியத் தொலைக்காட்சி தயாரித்த ‘மேற்குப் பயணம்’ தொடரின் நான்காம் பகுதி இந்தக் காட்சியை நோக்கியே நகர்கிறது. பந்தயத்தில் தோற்றவன் மேல் ஒரு மலை விழுகிறது. அதன் அடியில் அவன் 500 ஆண்டுகள் கிடக்கிறான்.

பழனிமலைத் தொடரில் வாழ்பவர்களுக்கு இந்தக் கதையின் பொருள்கள் எல்லாம் பழகியவை. கிடைத்தற்கரிய ஒரு பழம், உலகையே சுற்றிவரும் பந்தயம், பந்தயம் முடிந்தபின் எஞ்சி நிற்கும் மலை, மலைகளைத் தோளில் சுமப்பவன், சாகாமைக்கு மருந்து காய்ச்சும் உலை: இவை அனைத்தும் பழனியின் கதைகளிலும் உண்டு. இரண்டு மரபுகளும் இந்தப் பொருள்களை வெவ்வேறு விதமாக அடுக்குகின்றன. அந்த அடுக்கைப் பார்த்தால் சீனத் தொடரும் தெளிவாகும், பழனிக் கதையும் தெளிவாகும்.

தொடர் உருவான விதம்

‘மேற்குப் பயணம்’ சீனாவின் மிங் பேரரசுக் காலத்துப் புதினம். நூறு அத்தியாயங்கள் கொண்டது. இன்று கிடைக்கும் முழுமையான பழைய பதிப்பு 1592-இல் நான்ஜிங் நகரில் அச்சானது. வூ செங்என் என்பவரை ஆசிரியராகச் சொல்வது வழக்கம். முதல் ஏழு அத்தியாயங்கள் குரங்கு அரசனின் பிறப்பையும் கலகத்தையும் வீழ்ச்சியையும் சொல்கின்றன. பௌத்த நூல்களைத் தேடி இந்தியாவுக்குப் புறப்படும் துறவியின் கதை அதன் பிறகுதான் தொடங்குகிறது.

இதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தவர் யாங் ஜியே என்ற பெண் இயக்குநர். அதற்கு முன்பு மேடை இசைநாடகங்களைத் தொலைக்காட்சிக்காகப் பதிவு செய்து பழகியவர். படப்பிடிப்பு 1982-இல் தொடங்கியது. அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று ஒரு பகுதி மட்டும் வெள்ளோட்டமாக ஒளிபரப்பானது. 1986-ஆம் ஆண்டுச் சீனப் புத்தாண்டு விடுமுறையில் பதினொரு பகுதிகள் வந்தன. 25 பகுதிகளும் முழுமையாக ஒளிபரப்பானது 1988-இல். ஆறு ஆண்டு உழைப்பு பெரும்பாலும் ஒரே ஒரு கேமராவை நம்பி நடந்தது. அதை இயக்கியவர் யாங் ஜியேயின் கணவர் வாங் சோங்சியூ. விண்ணுலக மேகங்களுக்கு உலர்பனியின் புகையைப் பயன்படுத்தினார்கள். பறக்கும் காட்சிகளுக்கு நடிகர்களைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்கள். கணினி வரைகலை கைக்கு வராத காலம் அது. மலை, அருவி, காடு ஆகியவற்றைத் தேடி அந்தக் குழு சீனா முழுவதும் அலைந்தது. குரங்குகள் குடியேறும் ‘நீர்த்திரைக் குகை’க்குக் குய்ஜோ மாகாணத்தின் ஹுவாங்குவோஷு அருவியைப் படம் பிடித்தார்கள். 77 மீட்டருக்கும் மேல் உயரமான அந்த அருவிக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு குகை உண்டு. பெருமாள்மலையிலிருந்து கொடைக்கானல் போகும் வழியிலுள்ள வெள்ளி அருவியை மழைக்காலத்தில் பார்த்தவர்களுக்கு, நீர்த்திரைக்குப் பின்னால் ஓர் உலகம் இருக்கும் என்ற கற்பனை எங்கிருந்து பிறந்திருக்கும் என்பது விளங்கும்.

வூகோங்காக நடித்தவர் ஜாங் ஜின்லாய். மேடையில் குரங்கு வேடம் கட்டுவதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த ஷாவ்சிங் குடும்பத்தில் 1959-இல் பிறந்தவர். தந்தையின் மேடைப்பெயருக்கு ‘ஆறு வயதுப் பிள்ளை’ என்று பொருள். அந்தப் பெயரையும் கலையையும் தொடர வேண்டியிருந்த அண்ணன் 1966-இல், பதினாறு வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்துபோனார். அண்ணன் விட்ட இடத்தைத் தம்பி எடுத்துக்கொண்டார். அவருக்குக் கிட்டப்பார்வைக் குறை இருந்தது. நெருப்புப் பொறி பறக்கும் கண்கள் வேண்டிய வேடம் என்பதால், உதிக்கும் சூரியனையும் எரியும் ஊதுவத்தியின் நுனியையும் உற்றுப் பார்த்துக் கண்களைப் பழக்கினார். குரங்கின் அசைவுகளைக் கற்க ஒரு குரங்கையே உடன் வைத்திருந்தார். கல்லில் பிறந்த ஒரு விலங்கின் துயரத்தைப் பார்ப்பவர்கள் மனிதத் துயரமாக உணர்ந்ததற்கு அந்தப் பயிற்சி ஒரு காரணம். நான்காம் பகுதியில் உடல் முழுவதும் மலைக்கடியில் மறைந்துவிட, முகமும் கையும் மட்டும் வெளியே தெரியும் நிலையில் அவர் நடிக்க வேண்டியிருந்தது. அங்கே அந்தக் கண்களே முழு நடிப்பையும் தாங்குகின்றன.

முதல் மூன்று பகுதிகள்

முதல் பகுதியில் மலர்-கனி மலையின் உச்சியில் ஒரு பாறை வெடித்துக் குரங்கு பிறக்கிறது. அருவிக்குள் துணிந்து பாய்ந்ததால் அது குரங்குகளின் அரசனாகிறது. இன்ப வாழ்க்கையின் நடுவில் ஒருநாள் சாவைப் பற்றிய அச்சம் வருகிறது. சாகாமல் இருக்கும் வழியைத் தேடிக் கடல் கடந்து போகிறது. சுபோதி என்ற ஆசான் அதற்குச் சுன் வூகோங் என்று பெயர் சூட்டி, 72 உருமாற்றங்களையும் மேகத்தில் தாவும் வித்தையையும் கற்பிக்கிறார். ‘வூகோங்’ என்ற சொல்லுக்கு ‘வெறுமையை உணர்ந்தவன்’ என்று பொருள். பெயர் முதலில் வந்துவிடுகிறது. அதன் பொருளை அவன் வாழ்ந்து அடைய முழுக் கதையும் தேவைப்படுகிறது.

கிழக்குக் கடலின் நாக அரசனிடமிருந்து 13,500 ஜின் (சீன எடை அளவு) கனமுள்ள ஒரு தடியை வூகோங் எடுத்துக்கொள்கிறான். நினைத்தால் தூணளவு பெருகும், நினைத்தால் ஊசியளவு சுருங்கிக் காதுக்குள் அடங்கும் தடி அது. இரண்டாம் பகுதியில் விண்ணுலகப் பேரரசர் அவனை அழைத்து ஒரு பதவி தருகிறார். அது குதிரை லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் கடைநிலை வேலை என்று தெரிந்ததும் அவன் வெகுண்டு வெளியேறுகிறான். ‘விண்ணுக்கு நிகரான பெருமுனிவன்’ என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொள்கிறான்.

மூன்றாம் பகுதியில் பழம் வருகிறது. சமாதானத்துக்காக அவனிடம் விண்ணுலகப் பீச் தோட்டத்தின் காவல் ஒப்படைக்கப்படுகிறது. அங்கே 3,600 மரங்கள். முன்வரிசை 1,200 மரங்கள் 3,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை பழுக்கும். நடுவரிசை 1,200 மரங்களுக்கு 6,000 ஆண்டுகள். கடைசி வரிசை 1,200 மரங்களுக்கு 9,000 ஆண்டுகள். கடைசி வரிசைப் பழத்தைத் தின்றவர் விண்ணும் மண்ணும் உள்ளவரை வாழ்வார். காவல்காரனே தோட்டத்தைத் தின்று தீர்க்கிறான். பிறகு அரசியின் விருந்துக்குத் தனக்கு அழைப்பில்லை என்று தெரிந்ததும், விருந்துக்கு வைத்த மதுவைக் குடித்து, முதிய தேவர் லாவ்ஜுன் காய்ச்சி வைத்திருந்த சாகாமை மாத்திரைகளையும் விழுங்கிவிடுகிறான்.

இங்கே பீச் பழம் வெறும் கற்பனைப் பழம் அல்ல. பீச் மரத்தின் பிறப்பிடமே சீனா. அங்கே அது நீண்ட ஆயுளின் அடையாளம். பெரியவர்களின் பிறந்தநாளுக்குப் பீச் வடிவில் பலகாரம் செய்வது இன்றும் அங்கே வழக்கம். அதே பீச், பிளம்ஸ், பேரிக்காயுடன் சேர்ந்து இன்று பழனி மலைகளின் தோட்டங்களிலும் விளைகிறது. விண்ணுலகின் பழம் என்று சீனக் கதை போற்றியது கொடைக்கானல் மலையில் சாலையோரக் கூடையில் கிடைக்கிறது.

நான்காம் பகுதி: உலை, உள்ளங்கை, மலை

பிடிபட்ட வூகோங்கை வெட்டியும் எரித்தும் கொல்ல முடியவில்லை. தின்ற பழமும் மாத்திரைகளும் அவன் உடலில் கலந்துவிட்டன. லாவ்ஜுன் அவனைத் தன் எட்டு மூலை உலையில் அடைத்து 49 நாள் எரிக்கிறார். உருகிப்போவான் என்று திறந்தால், புகையில் சிவந்த கண்களோடு வெளியே பாய்கிறான். விண்ணுலகம் அவன் தடிக்கு முன் சிதறுகிறது. வேறு வழியின்றி மேற்கிலிருந்து ரூலாய் வரவழைக்கப்படுகிறார். ‘ததாகதர்’ என்ற இந்தியச் சொல்லின் சீன வடிவம்தான் ‘ரூலாய்’. அதாவது, கதைக்குள் வருபவர் புத்தரே.

புத்தர் படை திரட்டவில்லை, ஒரு பந்தயம் மட்டும் வைக்கிறார். வூகோங் தாவுகிறான். மேகங்களுக்கு அப்பால் ஐந்து தூண்கள் நிற்பதைக் காண்கிறான். உலகத்தின் எல்லை வந்துவிட்டது என்று நினைத்து, நடுத்தூணில் தான் வந்து போனதை எழுதி வைத்துவிட்டுத் திரும்புகிறான். அந்த எழுத்து புத்தரின் நடுவிரலில் இருக்கிறது. அவன் கண்டது ஐந்து தூண்கள் அல்ல, ஐந்து விரல்கள். மறுபடியும் தாவ முயலும்போது கை கவிழ்கிறது. விரல்கள் ஐந்தும் உலோகம், மரம், நீர், நெருப்பு, மண் என்னும் ஐந்து மூலகங்களின் மலையாகி அவனை அமுக்குகின்றன. மலை உச்சியில் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்ற மந்திரம் எழுதிய ஓலை ஒட்டப்படுகிறது.

இந்தத் தோல்வியின் நுட்பம் கவனிக்கத் தக்கது. வூகோங்கின் வலிமையில் எந்தக் குறையும் சொல்லப்படவில்லை. அவன் உண்மையிலேயே 1,08,000 லி தாவினான். எதன் மேல் நின்று தாவினான் என்பதைத்தான் அவன் அறியவில்லை. தன்னைத் தாங்கும் கையை அளக்கவேண்டிய தொலைவாக எடுத்துக்கொண்டதே அவன் பிழை.

தொடர் தன் ஆழமான பகுதியை மலை விழுந்த பிறகு வைத்திருக்கிறது. அதுவரை வேகமாக ஓடிய காட்சிகள் இங்கே அடங்குகின்றன. பனி மூடுகிறது, உருகுகிறது. பருவங்கள் மாறுகின்றன. பின்னணியில் ஐந்நூறு ஆண்டுகளைப் பற்றிய ஒரு பாடல் ஒலிக்கிறது. புதினத்தில் சிறைப்பட்டவனுக்குப் பசித்தால் இரும்புக் குண்டு, தாகத்துக்கு உருக்கிய செம்பு. தொடரில் மாடு மேய்க்கும் ஒரு சிறுவன் வந்து அவனுக்குப் பழம் தருகிறான். பல்லாயிரம் ஆண்டில் பழுக்கும் பழங்களைத் திருடித் தின்றவன், ஒரு சிறுவன் கொடுத்த பழத்தை நன்றியோடு தின்கிறான். பறித்த பழத்துக்கும் பெற்ற பழத்துக்கும் உள்ள வேறுபாட்டை வசனமே இல்லாமல் அந்தக் காட்சி சொல்லிவிடுகிறது.

பழனியின் பந்தயம்

பெருமாள்மலையில் மூன்று சாலைகள் கூடுகின்றன. ஒன்று கொடைக்கானலுக்கு ஏறுகிறது. ஒன்று வத்தலக்குண்டுக்கு இறங்குகிறது. மூன்றாவது மலைகளை வளைந்து கடந்து பழனிக்குப் போகிறது. அந்தச் சாலையின் முடிவில் இருக்கும் மலைக்கோயிலுக்கும் ஒரு பழமும் ஒரு பந்தயமும்தான் தொடக்கம்.

நாரதர் கொண்டுவந்த ஞானப்பழத்தை யாருக்குக் கொடுப்பது என்று கேள்வி எழுகிறது. உலகை முதலில் சுற்றிவருபவருக்கு என்று முடிவாகிறது. முருகன் மயிலேறிப் பறக்கிறான். பிள்ளையார் அம்மையப்பரைச் சுற்றிவந்து, அவர்களே உலகம் என்று சொல்லிப் பழத்தைப் பெறுகிறார். சினந்த முருகன் எல்லாவற்றையும் துறந்து, ஆண்டிக் கோலத்தில் தண்டம் ஏந்தி மலைமேல் வந்து நிற்கிறான். ‘பழம் நீ’ என்று சமாதானம் சொன்னதால் ‘பழனி’ ஆயிற்று என்பது மக்கள் வழக்கு. வயலைக் குறிக்கும் ‘பழனம்’ என்ற பழஞ்சொல்லிலிருந்து ஊர்ப்பெயர் வந்தது என்பாரும் உண்டு. 1965-இல் வந்த ஏ. பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ திரைப்படம் இந்தக் கதையைத் தமிழர் வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

இரண்டு பந்தயங்களிலும் வேகம் தோற்கிறது. இரண்டிலும் தொலைவு என்று எண்ணப்பட்டது அருகிலேயே இருக்கிறது: அங்கே ஓர் உள்ளங்கையில், இங்கே தாய் தந்தையின் காலடியில். இரண்டிலும் பந்தயத்தின் முடிவில் மிஞ்சுவது ஒரு மலை. வேறுபாடும் அங்கேயே இருக்கிறது. வூகோங் மலையின் அடியில் கிடக்கிறான். முருகன் மலையின் மேல் நிற்கிறான். ஒருவனுக்கு மலை தண்டனை. மற்றவனுக்கு அது தவம். தோற்ற பிள்ளையைத் தேடிப் பெற்றோரே மலைக்கு வந்தார்கள் என்று பழனிக் கதை சொல்கிறது. பழத்தை இழந்தவனே பழம் ஆகிறான்.

மாடு மேய்க்கும் சிறுவனும் முருகன் கதையில் உண்டு. நாவல் மரத்தில் அமர்ந்து, சுட்ட பழமா சுடாத பழமா என்று கேட்டு ஔவையாரைத் திகைக்கவைத்த சிறுவன் முருகன்தான் என்பது தமிழ் மரபு. பெருமிதத்தை ஒரு பழத்தால் இளகவைக்கும் சிறுவனைச் சீனத் தொடரின் நான்காம் பகுதியில் காணும்போது தமிழருக்கு ஔவையின் கதை நினைவுக்கு வருவது இயல்பு.

இரு மலைகளைச் சுமந்தவர்கள்

பழனியில் மலையோடு போராடித் தோற்றவன் இன்னொருவன். அவன் இடும்பன். சிவகிரி, சக்திகிரி என்ற இரு குன்றுகளைக் கயிலையிலிருந்து பொதிகைக்குக் கொண்டுவருமாறு அகத்தியர் அவனைப் பணித்தார். இரண்டையும் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்துவந்தவன், களைப்பாற ஓரிடத்தில் இறக்கிவைத்தான். மறுபடியும் தூக்க முயன்றபோது சிவகிரி அசையவில்லை. உச்சியில் கோலேந்திய ஒரு சிறுவன் நின்றான். இடும்பன் அவனோடு மோதி வீழ்ந்தான். அருள்பெற்று எழுந்து, அந்த மலைக்கே காவலன் ஆனான். இன்றும் பழனிப் படிகளில் ஏறுபவர்கள் வழியில் இடும்பனை வணங்கியே மேலே போகிறார்கள். காவடி எடுக்கும் வழக்கமும் அவனிலிருந்தே தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது.

‘மேற்குப் பயணம்’ புதினத்தின் 33-ஆம் அத்தியாயத்தில் வெள்ளிக்கொம்பு அரக்கன் மலைகளை ஏவி வூகோங்கை அமுக்கப் பார்க்கிறான். முதலில் சுமேரு மலை வருகிறது. அதை வூகோங் இடத்தோளில் ஏந்துகிறான். அடுத்து ஏமெய் மலை. அதை வலத்தோளில் ஏந்துகிறான். இரண்டையும் சுமந்தபடியே ஆசானை நோக்கி விரைகிறான். மூன்றாவதாகத் தைஷான் மலை விழுந்த பிறகே சாய்கிறான். இரு தோளிலும் மலை சுமந்து நடக்கும் அந்த உருவம் தமிழ்க் கண்ணுக்குக் காவடிதான்.

ஆக, பழனி இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்ததைச் சீனக் கதை ஒருவனிடமே வைத்திருக்கிறது. பழமும் பந்தயமும் முருகனுக்கு. மலைச்சுமையும் வீழ்ச்சியும் தொண்டும் இடும்பனுக்கு. வூகோங் இருவருமாக இருக்கிறான். கலகக்காரன் காவல்காரன் ஆவதுதான் அவன் கதையின் முழு வளைவு. இடும்பன் மலைக்குக் காவல், வூகோங் நூல் தேடிப் போகும் துறவிக்குக் காவல்.

ஒரு கதை மற்றதிலிருந்து பிறந்தது என்பதற்கு இந்த ஒற்றுமைகள் சான்று ஆகா. மலைகளோடு வாழ்ந்த இரண்டு மக்கள், பெருமிதத்தை எது தடுத்து நிறுத்தும் என்ற கேள்விக்கு ஒரே விடையைக் கண்டார்கள் என்று கொள்வதே போதும்.

உலையும் போகரும்

லாவ்ஜுனின் உலைக்கும் பழனியில் ஓர் இணை உண்டு. சீனத் தாவோ மரபில் சாகாமை மருந்துக்கு உலோகங்களையும் தாதுக்களையும் உலையில் காய்ச்சும் புறநெறி ஒன்று. மூச்சையும் மனத்தையும் உடலுக்குள்ளேயே காய்ச்சும் அகநெறி மற்றொன்று. தமிழ்ச் சித்தர்களின் இரசவாதமும் காயகற்பமும் யோகமும் அதேபோல் இரு நெறிகளில் நடக்கின்றன. பழனித் தண்டாயுதபாணியின் திருமேனியை ஒன்பது பாடாணங்களைக் கட்டிப் போகர் என்ற சித்தர் செய்தார் என்பது மரபு. கொடைக்கானலுக்கு அப்பால் உள்ள பூம்பாறைக் குழந்தை வேலப்பர் கோயில் திருமேனியும் அவர் செய்ததாகவே நம்பப்படுகிறது. போகர் சீனத்திலிருந்து வந்தவர் என்று ஒரு வழக்கும், இங்கிருந்து சீனம் போய்வந்தவர் என்று இன்னொரு வழக்கும் வாழ்கின்றன. அவர் வானில் பறந்ததாகவும் கூடுவிட்டுக் கூடு பாய்ந்ததாகவும் சொல்லும் கதைகள் வூகோங்கின் உருமாற்றங்களுக்கு நெருங்கியவை.

இரண்டு மரபுகளும் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தே சொல்கின்றன. வூகோங் சாகாமையை நான்கு வழிகளில் பெற்றுவிட்டான்: ஆசானின் பயிற்சி, பழம், மது, மாத்திரை. அத்தனை பெற்றும் ஐந்நூறு ஆண்டு அடைபட்டுக் கிடந்தான். சாவு இல்லாத உடம்புக்கு அடக்கம் இல்லாத மனம் வாய்த்தால், அந்த நீண்ட ஆயுளே நீண்ட சிறையாகும் என்று நான்காம் பகுதி காட்டுகிறது.

பொதிகையிலிருந்து வந்த அருள்

மலைக்கடியில் கிடப்பவனுக்கு விடுதலை வழியைச் சொல்பவர் குவான்யின். நூல் தேடிப் போகும் துறவிக்காகக் காத்திரு, அவருக்குத் துணையாகப் போ என்பது அவர் கட்டளை. குவான்யின் என்பது அவலோகிதேசுவரர் என்ற போதிசத்துவரின் சீன வடிவம். சீனாவில் காலப்போக்கில் பெண்ணுருவம் பெற்றார். புதினத்தில் அவர் உறைவிடம் தென்கடலின் பொதலகா மலை.

அந்த மலை எங்கே இருக்கிறது என்ற கேள்வி தமிழ்நாட்டுக்குக் கொண்டுவருகிறது. புதினத்தின் துறவிக்கு மூலமான யுவான் சுவாங் உண்மையில் வாழ்ந்தவர். 629 வாக்கில் சீனாவை விட்டுப் புறப்பட்டு, 645-இல் 657 நூல்களுடன் திரும்பியவர். 640 வாக்கில், பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் ஆட்சியில், அவர் காஞ்சிபுரம் வந்தார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பதினாயிரம் துறவிகளும் இருந்ததாகத் திராவிட நாட்டைப் பற்றி எழுதினார். இலங்கைக்குப் போக விரும்பியவர், அங்கே பஞ்சமும் குழப்பமும் என்று கேள்விப்பட்டுத் திரும்பினார். காஞ்சிக்குத் தெற்கே உள்ள மலகூட நாட்டைப் பற்றியும் அவர் குறிப்பு இருக்கிறது. அங்கே சந்தனம் விளையும் மலய மலையும், அதற்குக் கிழக்கே பொதலகா மலையும் உள்ளன. அதன் உச்சியில் ஓர் ஏரி. அதிலிருந்து பிறக்கும் ஆறு மலையைச் சுற்றிச் சுற்றித் தென்கடலை அடைகிறது. ஏரிக்கரையில் அவலோகிதேசுவரரின் கல் மாளிகை இருக்கிறது என்கிறது அந்தக் குறிப்பு.

ஜப்பானிய ஆய்வாளர் ஷு ஹிகோசாகா இந்த மலையைப் பொதிகை என்று அடையாளம் கண்டார். ‘பொதியில்’ என்ற தமிழ்ப்பெயரே வடக்கே போய்ப் பொதலகா ஆயிற்று என்பது அவர் கருத்து. சீனாவின் புதோ தீவும் திபெத்தின் பொதாலா அரண்மனையும் அந்தப் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன. தமிழிலும் இதற்கு ஒத்த நினைவு உண்டு. வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் எழுதிய ‘வீரசோழியம்’, அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கற்றதாகச் சொல்கிறது. தாமிரபரணி பிறக்கும் அந்த மலை அகத்தியருக்கும் அவலோகிதருக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

இந்த அடையாளத்தை ஏற்றால் இரண்டு கதைகளும் ஒரே மலையில் வந்து முட்டுகின்றன. இடும்பன் தன் குன்றுகளைக் கொண்டுபோக வேண்டியிருந்த இடம் பொதிகை. வூகோங்குக்கு விடுதலைச் சொல் வந்த இடமும் பொதிகை.

அனுமனும் குவான்ஜோவும்

வூகோங் அனுமனின் சாயலில் பிறந்தவன் என்று சீன அறிஞர் ஹு ஷி 1923-இல் கருதினார். எழுத்தாளர் லூ சுன் மறுத்தார். சீனாவின் ஹுவாய் ஆற்றில் அடக்கிவைக்கப்பட்ட வூஜிசி என்ற நீர்க்குரங்கின் கதையே மூலம் என்பது அவர் வாதம். இரண்டு ஓடைகளும் கலந்திருக்கலாம் என்று கொள்வதற்குக் குவான்ஜோ துறைமுகம் இடம் தருகிறது. அங்குள்ள கையுவான் கோயிலின் மேற்குக் கற்கோபுரம் 1237-இல் முடிந்தது. அதில் வாளேந்திய குரங்குமுக வீரன் ஒருவனின் சிற்பம் இருக்கிறது. அச்சான புதினத்துக்கு மூன்றரை நூற்றாண்டு முந்தியது அது. அதே ஊரில் தமிழ் வணிகர்கள் வாழ்ந்தார்கள். சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவன் திருமேனியை எழுந்தருளச் செய்ததை 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. அதன் இறுதியில் சீன எழுத்துகளும் உள்ளன. கையுவான் கோயிலிலேயே கண்ணன், நரசிங்கம் உருவங்கள் செதுக்கிய தூண்கள் நிற்கின்றன. அனுமனை நன்கறிந்த மக்களும் குரங்கு வீரனைச் செதுக்கிய மக்களும் அந்தத் துறைமுகத்தின் ஒரே தெருக்களில் நடந்தவர்கள்.

மலை பிளந்த பிறகு

நான்காம் பகுதியின் விடை ஐந்தாம் பகுதியில் இருக்கிறது. துறவி மலையேறி மந்திர ஓலையை எடுக்கிறார். தொலைவாகப் போய் நில்லுங்கள் என்று வூகோங் அவரைக் கேட்டுக்கொள்கிறான். மலை பிளக்கிறது. வெளியே வந்தவன் முதலில் செய்வது ஆசானின் காலில் விழுவது. அவன் குணம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. அதே பகுதியில் கோபித்துக்கொண்டு ஓடிப்போகிறான். தலையில் ஏறிய பொன் வளையம் இறுகும்போதுதான் நிற்கிறான். மலை செய்த வேலையை இனி அந்தச் சிறு வளையம் செய்யும்.

பிறகு பயணம் தொடங்குகிறது. சீனத் தலைநகரிலிருந்து புத்தரின் இருப்பிடம் வரை உள்ள தொலைவு என்று புதினம் சொல்லும் கணக்கு 1,08,000 லி. வூகோங்கின் ஒரு தாவலுக்கும் அதே அளவுதான். ஒரே தாவலில் எட்டக்கூடிய இடத்துக்கு அவன் ஆசானின் குதிரைக்குப் பக்கத்தில் பதினான்கு ஆண்டுகள் நடந்து போகிறான். தாவிப் போய் நூல்களை எடுத்துவந்தால் அவை வெறும் தாள்கள். 81 இடர்களைக் கடந்து நடந்து போனவருக்கே அவை நூல்கள் ஆகும் என்பது கதையின் தீர்ப்பு.

தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடப்பவர்களும் இதை வேறு வழியில் அறிந்தவர்கள். மயிலேறி உலகைச் சுற்றிவந்தவனைப் பார்க்கப் பேருந்தும் ரயிலும் இருக்கின்றன. ஆனாலும் செட்டிநாட்டிலிருந்து காவடியோடும், ஊர் ஊரிலிருந்து வெறுங்காலோடும் மக்கள் நாள்கணக்கில் நடந்தே வருகிறார்கள். உள்ளங்கையில் நின்று தாவியவன் கடைசியில் கற்றுக்கொண்ட நடை அது. ‘மேற்குப் பயண’த்தின் நான்காம் பகுதி அந்த நடைக்கு முந்திய ஐந்நூறு ஆண்டு அசையாமையைக் காட்டுகிறது. தாவத் தெரிந்தவனுக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்தது அந்த மலைதான்.